இரவு ஏழு முதல் காலை ஏழு வரை

முப்பத்தொரு சென்டிமீட்டர் கொட்டிவிட்டு
வானம் கையைத் துடைத்துக்கொண்டது.
இனி மாநகராட்சியின் பாடு.

மத்தியானமே பனிமேட்டில் குத்திவிட்டார்கள்
ஆரஞ்சுத் தகடுகளை:
இரவு ஏழு முதல் காலை ஏழு வரை
இந்தப் பக்கம் வண்டி நிற்கக் கூடாது.
காற்று திருகியதில் ஒரு தகட்டின் அம்பு மட்டும்
வானத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.
அங்கே யாரும் நிறுத்துவதில்லை.

மாண்ட்ரியல் நகர மையம். மணி ஒன்றே முக்கால்.
முதலில் ஊளை வரும்.
இழுவண்டியின் சைரன்,
ஏறி இறங்கி, ஏறி இறங்கி,
கூலிக்கு மாரடிப்பவர்களின்
துக்கமே இல்லாத ஒப்பாரி.
மாடிகளில் விளக்கெரியும்.
பைஜாமாவின் மேல் கோட்டு மாட்டியவர்கள்
இரும்புச் சுழற்படிகளில் சறுக்கிக்கொண்டு வருவார்கள்,
சாவியை வாயில் கவ்வியபடி.
வராதவர்களின் வண்டிக்கு
எங்கோ அடுத்த தெருவில் விடியும்.

அதற்குப் பின்னால்தான் மிரேய்.
பனியூதியின் ராட்சத வாய்க்கு முன்னால்
பத்தடி தள்ளி நடப்பது அவள் வேலை.
குவியலைக் குடைந்து விளையாடிய பிள்ளை எதுவும்
உள்ளே இருந்துவிடக் கூடாதே.
கழியால் குத்துவாள், நின்று கேட்பாள், குத்துவாள்.
பதினோரு குளிர்காலத்தில் கிடைத்தவை:
ஒற்றைக் கையுறைகள், கணக்கில்லை.
ஒரு டிராம்போன்.
விளக்குச் சரத்தோடு கிறிஸ்துமஸ் மரம்.
போன புயலுக்குக் குத்திய ஆரஞ்சுத் தகடு.
பிள்ளை கிடைத்ததில்லை.
அதற்காக ஒரு குத்தும் குறைத்ததில்லை.

கை தூக்கினால் யந்திரம் நிற்கும்.
இறக்கினால் நகரும்.
அந்த இரைச்சலில் பேச்சென்பதே அவ்வளவுதான்.

வானத்தைக் காட்டும் தகட்டின் கீழே
சாம்பல் நிறச் சின்ன வண்டி.
இடது பின்விளக்கில் சிவப்பு டேப்,
போன அக்டோபரில்
அவளே ஒட்டியது.
கை தானாக மேலே போயிற்று.

நூலகம், விடிய விடியப் படிப்பு என்று
சாவி வாங்கிப் போன ரெமி.
இந்தத் தெருவில் எந்த நூலகம்?

பதிமூன்று லாரிகள் பின்னால் உறுமுகின்றன.
கேபினில் நோர்மான் இரண்டு கையையும் விரிக்கிறான்,
என்ன, என்ன?
வில்னேர் சீட்டுப் போட்டாகிவிட்டது.
போட்ட பிறகுதான் டேப்பைப் பார்த்தான்.
ஆறு வருஷமாய் அவனை வீட்டில் இறக்கிவிடும் வண்டி.
தொப்பியை இன்னும் கீழே இழுத்துக்கொண்டான்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால்
தன் பிள்ளை தானே வளருமாம்.
ஊரார் காரையெல்லாம் இழுத்துப் போட்டால்
தன் கார் என்ன செய்யும் என்று
யாரும் சொல்லி வைக்கவில்லை.

சைரன் இன்னொரு முறை.
மூன்றாம் மாடியில் மஞ்சள் வெளிச்சம்.
ரெமிதான். நாடா கட்டாத பூட்ஸ்.
மேலே இருப்பது அவன் கோட்டு இல்லை;
கை முழங்கையோடு முடிந்துவிட்டது,
கழுத்தைச் சுற்றிப் பச்சை ரோமம்.
ஜன்னலில் இன்னொரு முகம்,
பார்த்த மாத்திரத்தில் திரைக்குள் போய்விட்டது.

பாதிப் படியில் நின்றான்.
யந்திரத்தின் வெளிச்சத்தில்
மஞ்சள் அங்கி, கழி, தூக்கிய கை.
அம்மா இவ்வளவு உயரமென்று
அவனுக்குத் தெரிந்திருக்காது.
வாய் அசைந்தது. கேட்கவில்லை.
அவளும் ஏதோ சொன்னாள்.
அதுவும் கேட்கவில்லை.
நல்லதாயிற்று.

முதல் திருப்பில் எஞ்சின் பிடிக்கவில்லை.
இரண்டு தரம் மிதித்துவிட்டுத் திருப்பு என்று
இடது கையால் சைகை காட்டினாள்.
வலது கை மேலேயே இருந்தது.

போய்விட்டான்.
கார் நின்ற இடத்தில் ஓர் எண்ணெய்ச் சொட்டு.
அடைத்துவிட்டேன் என்று
மெக்கானிக் காசு வாங்கிய ஓட்டை.
அந்த இடத்தையும் கழியால் குத்திப் பார்த்தாள்.
பிறகு கையை இறக்கினாள்.

ஆறரைக்கு,
பஸ் நிறுத்தத்தில், அவளுக்குப் பக்கத்தில்
வெகுநேரம் காலை மாற்றி மாற்றி நின்ற வில்னேர்
கடைசியில் சொன்னான்:
அந்தப் பச்சைக் கோட்டு
நன்றாய்த்தான் இருந்தது.