அடியில் ஒரு ஓட்டை

மன்னார்குடி பந்தலடிக் கடையில்
ஸ்கூலுக்கா டூருக்கா என்று கேட்டான் பையன்.
வேலைக்கு என்றேன்.
லேப்டாப் எத்தனை இஞ்ச் என்றான்.

அறுபது கிட்டி, என்றேன் மனசுக்குள்.
மூங்கில் வில்லும் கயிறுமாய் அடுக்கிக் கட்டினால்
இரண்டு வயதுப் பிள்ளையின் கனம்.
போகும்போது அது மட்டும்.
வரும்போது அதோடு எலியும்.

இதுவரை யூரியா சாக்குதான்.
தோளில் போட்டால் கழுத்தை அறுக்கும்,
தலையில் வைத்தால் வரப்பு தெரியாது.
சம்பா தொண்டைக்கதிரில் நிற்கிற மாதம்
இருட்டுக்குள் இரண்டு கையும் வேண்டும்,
ஒன்றில் டார்ச், ஒன்றில் கம்பு.
பாம்பும் எலிக்குத்தான் வருகிறது,
கூலி கேட்காமல்.

நடுவில் கொஞ்ச நாள் மச்சான் பக்கிரி கொடுத்த
ஜவுளிக்கடைக் கட்டைப்பை.
கோட்டூர் வாய்க்காலில் அதன் காது அறுந்து
பத்தொன்பது எலி தண்ணீரோடு போனது.
வாலை எண்ணிக் காசு கொடுக்கிற பண்ணைக்காரர்
போன வாலை நம்பவில்லை.

சிவப்பை எடுத்தேன், வைத்தேன்.
எலிக்கு நிறம் தெரியுமோ தெரியாதோ,
விடியுமுன் ரோந்து வரும் போலீசுக்குத் தெரியும்.
கறுப்பில் கறி சீக்கிரம் கெடும்.
நான் திரும்புவது வெயிலுக்கு முன்னால்,
அதனால் பரவாயில்லை.
கறுப்பு, ரத்தத்தை வெளியே சொல்லாது.

ஜிப்பை இருபது முறை இழுத்துப் பார்த்தேன்.
கையை உள்ளே விட்டு மூலைகளைத் தடவினேன்:
தையல் மூலையில்தான் நாற்றம் குடியேறும்.
பையைக் காலால் மிதித்துக்கொண்டு
வாரைப் பிடித்து மேலே இழுத்தபோது
பையன் எழுந்து நின்றுவிட்டான்.

அக்கா, என்னதான் வைக்கப் போறீங்க?
கறி.
ஆட்டுக்கறியா?
அதைவிடச் சின்னது.
காடை என்று நினைத்திருப்பான்.
நினைத்துக்கொள்ளட்டும்.

இரண்டு அறை. முன்னறை கிட்டிக்கு, பின்னறை கறிக்கு.
பாரம் ஆடாமல் இடுப்பில் ஒரு வார்.
பேனா செருக மூன்று சந்து:
ஒன்றில் சூரிக்கத்தி, ஒன்றில் வெற்றிலைப் பொட்டலம்,
மூன்றாவதில் நிஜமாகவே பேனா,
வால் கணக்கெழுத.
அடி முழுக்க ரப்பர், சொட்டு இறங்காது என்றான்.
எண்ணூற்று ஐம்பது சொல்லி எழுநூறுக்கு வந்தான்.
எழுநூறு என்பது முப்பத்தைந்து வால்.

சொட்டு இறங்கவில்லைதான்.
முதல் நாள் நாற்பத்தொரு எலி.
பாமணியாற்றுப் பாலம் ஏறும்போதே
அடியில் ரத்தமும் சேற்றுத் தண்ணீரும் ஒரு உழக்கு,
முதுகோடு ஒட்டி வெதுவெதுப்பாய்க்
குலுங்கிக்கொண்டே வந்தது ஒரு குட்டை.
அதில் ஊறிக் கறி வெளுத்திருந்தது.
மயிர் பொசுக்கி, மஞ்சள் தேய்த்து,
மூன்று தண்ணீர் அலசியும் ஒரு வாடை.
மகன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

மூன்றாம் நாள்
கழுத்தில் விழாமல் இடுப்பில் விழுந்த கிட்டியில்
ஒன்று கிடந்தது. செத்தது என்று போட்டேன்.
நடக்க நடக்க முதுகுக்குப் பின்னால் ஒரு சுரண்டல்.
தண்ணீர்ப் பாட்டில் உரசுகிறது என்றிருந்தேன்.

வீட்டில் இறக்கிப் பார்த்தால்
அடி ரப்பரில்
ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு ஓட்டை.
கடித்தது இல்லை.
மற்றதெல்லாம் அப்படியே கிடந்தன,
மயிர் ஒட்டாமல், உலர்ந்து,
சொட்டு ஈரம் இல்லாமல்.

அன்றைக்கு மகன்
இரண்டாவது முறை சோறு கேட்டான்.

முப்பத்தைந்து வாலுக்கு வாங்கிய பையில்
கடைசி வேலையை
ஒரு வால் முடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.
கணக்கில் அதை எங்கே எழுதுவது?

கிழிசல் பெருகாமல்
செருப்புத் தைக்கிற நூலால்
ஓட்டையைச் சுற்றி விளிம்பு கட்டினேன்.
கொஞ்சம் யோசித்து
சூரிக்கத்தியால் பக்கத்தில் இன்னொன்று போட்டேன்.

அது
அவ்வளவு வட்டமாக வரவில்லை.