பன்னிரண்டாம் நம்பர் மலை

வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் எரிமலைக்குப் போவோம்.
இங்கே சொன்னால் சிரிக்கிறார்கள்.
நகரத்திலிருந்து ஒரு மணி நேரம்,
கம்பெனியின் வெறும் தண்ணீர் பவுசரில்,
நானும் சூடான்காரன் ஒஸ்மானும்
நேபாளத்துத் தீர்த்தாவும்.
தார் ரோடு முடியும். பிறகு கறுப்புக் கல்.
கொதித்து நுரைத்து, நுரையிலேயே உறைந்துபோன கல்.
சப்பாத்துக்கடியில் பீங்கான்போல் சத்தமிடும்.

முதல் நாள் விளிம்பில் நின்று
உள்ளே எட்டிப் பார்க்கக் கால் வரவில்லை.
செத்த மலைக்கு என்ன பயம், என்றான் ஒஸ்மான்.
வாய்க்குள் இறங்கி, நடுவில் உட்கார்ந்து
டின் மீனும் ரொட்டியும் தின்றோம்.
என்றோ மழை பெய்ததற்குச் சாட்சியாக
ஒரு பாய் அளவுக்கு வெடித்த களிமண்.
அவ்வளவு பெரிய கோபம் இருந்துபோன இடத்தில்
ஒரு பல்லி வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

ஏழு வருசம். பதினொரு மலை.
பேர் தெரியாததால் நாங்களே வைத்தோம்:
சட்டி, ஓட்டைச் சட்டி, மேனேஜர்,
தீர்த்தாவின் மாமியார்.

இன்று ஞாயிறு.
மேக்கணக்கு லயத்துக்குப் பின்னால்
பன்னிரண்டாம் நம்பர் மலைக்குக்
குறுக்குப் பாதையில் ஏறுகிறோம்.
முன்னால் புஷ்பகாந்தி.
நான் இல்லாத ஏழு வருசமும்
கொழுந்தோடு ஏறி இறங்கி
அவள் முழங்காலுக்கு இந்தச் சரிவு மனப்பாடம்.
எனக்கு மூச்சு வாங்குகிறது.
அட்டைக்குச் சவர்க்காரம் தடவ மறந்துவிட்டேன்.
கணுக்காலில் இரண்டு, ஏற்கெனவே கொழுத்துவிட்டன.

டர்பன்டைன் மரங்களைத் தாண்டியதும் நிற்கிறாள்.
ஒரு தேயிலை நிரை நடுவில் அறுந்து
ஒரு முழம் கீழே போய்த் தொடர்கிறது,
பொத்தானை மாற்றிப் போட்ட சட்டைபோல.
நிலத்தில் ஒரு கோடு.
போன மாசம் அதற்குள் விரல் நுழைந்தது.
இப்போது கை.

இரண்டு பக்கமும் அடித்திருக்கும் குச்சிகளுக்கு நடுவே
தையல் டேப்பைப் பிடிக்கிறாள்.
முப்பத்தேழு, என்கிறாள்.
போன ஞாயிறு முப்பத்தைந்தரை.
கொப்பியில் எழுதுகிறாள்.
மழைமானியில் எண்பத்திரண்டு.
பதுளைக்குப் போன் எடுத்து
சிங்களத்தில், நிதானமாக,
கடைக்குச் சாமான் சொல்வதுபோல் சொல்கிறாள்.
அந்தப் பக்கம் ஒருவர்
ஒவ்வொரு எண்ணையும் திருப்பிக் கேட்கிறார்.

மலை தெரிந்தவன் என்று
வந்த நாளிலிருந்து பீற்றிக்கொண்டு திரிந்தேன்.
போனில் படம் காட்டினேன்.
இதுவும் நெருப்பு மலையா என்று கேட்ட பையன்களிடம்
சேச்சே, நம்ம மலை சாது, என்றேன்.

அங்கே நெருப்பு வந்த வாயில்
சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தூங்கினேன்.
இங்கே, ஒருநாளும் நெருப்பைக் காணாத பச்சையில்,
மழை இரவுகளில் சப்பாத்தோடு படுக்கிறோம்.
கதவடியில் ஒரு பை:
அடையாள அட்டைகள், ஈ.பி.எஃப் கடுதாசி,
டார்ச், மகளின் கண்ணாடி.
தருவதாகச் சொன்ன ஏழு பேர்ச் காணி
எந்த மலையில் என்று
இன்னும் யாரும் சொல்லவில்லை.

மேலே ஏறினால் சிக்னல் கிடைக்கிறது.
தெற்கே பனி விலகிய இடத்தில் சமவெளி,
கீழே எங்கோ ரயில் ஊதுகிறது.
அறுந்த நிரையைப் படமெடுத்து
ஒஸ்மானுக்கு அனுப்பினேன்.
என்ன பச்சை, என்று உடனே பதில்.
இதற்கு என்ன பேர் வைத்தாய்?

பன்னிரண்டு, என்று அனுப்பினேன்.

கணக்கு சரிதான், பதினொன்றுக்கு அடுத்தது, என்று
சிரிக்கும் மஞ்சள் முகம் மூன்று வந்தது.
விளக்கிச் சொல்ல எழுதத் தொடங்கி
அழித்தேன்.

புஷ்பகாந்தி டேப்பைச் சுருட்டி
மடியில் செருகிக்கொண்டாள்.
எண்பத்திரண்டில் முதல் சொட்டு
கொப்பியின் மேல் விழுந்து
எட்டை மட்டும் கரைத்தது.