ஆட்சேபனை எண் நாற்பத்தொன்று

வேலைக்குச் சேர்ந்த வருஷம்
வீடுகளுக்கு மஞ்சள், கடைத்தெருவுக்குச் சிவப்பு,
தொழிற்சாலைக்கு ஊதா என்று
ஊத்துக்கோட்டைக்குக் கையால் வண்ணம் தீட்டினேன்.
தூரிகை அலசிய தம்ளரில்
சாயங்காலம் எல்லாத் தெருவும் ஒரே சேற்று நிறம்.

இப்போது தூரிகை இல்லை.
டெல்லியிலிருந்து ஒரு அடுக்கு இறங்குகிறது,
சென்னையிலிருந்து இன்னொன்று.
இரண்டும் உரசவில்லையே எனப் பார்த்து
'சரிபார்க்கப்பட்டது' கட்டத்தை அழுத்துகிறேன்.
பிறகு முப்பது நாள்
மின்விசிறிக்குக் கீழே ஆட்சேபனை வாங்குகிறேன்.

நாற்பதாவது ஆள்வரை
சென்ட் என்ன விலை என்றுதான் கேட்டார்கள்.
அடுத்து வந்த வெங்கட்டம்மா
வரைபடத்தில் விரலை வைத்து,
"இந்தக் கால்வா எல்லைக் கோட்டுலயே பொறக்குதாமா?
அந்தாண்ட எங்க நாத்தனார் கொல்லையில
ஓடியார்றத நான் பாத்துருக்கேனே."

எல்லைக்கு அப்பால் என் தாள் வெள்ளை.
இருபத்தாறு வருஷமாக வெள்ளை.
படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.

அந்தப் பக்கத்து அலுவலர் சுப்பராயுடுவை
போனில் பிடித்தேன்.
அவர் தாளிலும் ஒரு வெள்ளை இருந்தது,
அது நாங்கள்.

வியாழக்கிழமை, சோதனைச்சாவடி தாண்டி
ஜீப் பானெட்டில் இரண்டையும் விரித்தோம்.
காற்றுக்கு ஓரத்தில் டீ கிளாஸ்.
அவர் அளவை வேறு. ஜெராக்ஸ் கடையில் சுருக்கி
ஓரத்தோடு ஓரம் ஒட்டினால்
என் கால்வாய் அவர் பெட்ரோல் பங்க்கில் போய் முட்டியது.
அவருடைய ஏரிக்கரை
என் சுடுகாட்டுக்குள் கட்டைவிரல் அகலம் ஏறியது.
"மீதே தப்பு" என்று சிரித்தார்.
இருக்கலாம்.

ஒரே ஒரு கோடு மட்டும்
மயிரிழை பிசகாமல்
இங்கிருந்து அங்கே போனது.
எட்டு வழிச் சரக்குச் சாலை.
எங்கள் இருவரில் யாருமே வரையாதது.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
கால்வாயில் இறங்கினோம்.
மதகடியில் பதினாலு எட்டு, கணுக்கால் தண்ணீர்.
வரைபடத்தின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன்,
பேனா ஈரத்தில் இழுபட்டது.

ஆட்சேபனைக்குப் போர்ட்டலில் இருநூறு எழுத்து.
'கால்வாய் மேலிருந்து வருகிறது,
சாலையடியில் வழி விடவும்' என்று தட்டினேன்.

மறுநாளே பதில்:
'மேல் என்பது திசையா, அலுவலகமா?
தெளிவுபடுத்தவும்.'

இன்னும் எட்டு நாள் இருக்கிறது.