புறநோயாளி

டுலூத்தில் பனி கொட்டிய செவ்வாய் இரவு
ஒன்பது பதினேழுக்கு
ஆர்வில் லிண்ட்குவிஸ்ட், எண்பத்தோரு வயது,
குளியலறையில் விழுந்ததாக வந்து சேர்ந்தார்.

நான் அவரைப் பார்த்ததில்லை.
கீழ்த்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்தில் என் மேசை.
எனக்கு வருவதெல்லாம் நேரங்கள்.

‘கண்காணிப்பில் வைக்கவும்’ என்று
மருத்துவர் எழுதியது பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு.
அங்கேதான் என் கடிகாரம் தொடங்கும்.
அதற்கு முந்தைய வலி வேறொரு கணக்கு.

நான்காம் மாடி. ஏரி தெரியும் ஜன்னல்.
மணிக்கட்டில் பட்டை,
முதுகில் முடிச்சிட்ட அங்கி,
வீட்டில் குப்பி நிறைய இருக்கும் அதே அழுத்த மாத்திரை
இங்கே ஒன்று பதினெட்டு டாலர்.
மூன்று இரவுகள்.

வெள்ளி பதினொன்று நாற்பதுக்கு
‘வீட்டுக்குப் போகலாம்.’
ஆக அறுபது மணி.
இதயச் சோதனைக்குப் போன இரண்டைக் கழித்தேன்,
ஐம்பத்தெட்டு.
மகள் வண்டி பனியில் சிக்கி
மூன்றரைக்குத்தான் வந்ததாம்.
அந்த நேரத்தை நாங்கள் விற்பதில்லை.

பிப்ரவரியில் மார்லிஸ் கூப்பிட்டாள்.
நடைப்பயிற்சி இல்லத்தின் பில் அவள் கையில்:
இருபது நாள், பதினோராயிரத்துச் சொச்சம்.
மூன்று நாள் உள்நோயாளியாக இருந்திருந்தால்
அரசுக் காப்பீடு கொடுத்திருக்கும்.

“உங்கள் கட்டிலில்தானே படுத்திருந்தார்?”
ஆமாம்.
“உங்கள் கஞ்சியைத்தானே குடித்தார்?”
ஆமாம்.
“அப்புறம் எப்படிப் புறநோயாளி?”

கட்டில் உள்ளே இருந்தது அம்மா,
அவர் வெளியே இருந்தார்,
என்றேன். எத்தனையோ பேரிடம் சொன்ன வாக்கியம்.
முதல் முறையாக
எனக்கே கேட்டது.

“புதன்கிழமையே அறிவிப்புத் தந்திருக்கிறோம்.
படித்துப் புரிந்துகொண்டதாகக் கையெழுத்து இருக்கிறது.”
திரையில் அந்தக் கையெழுத்து
கோட்டை விட்டிறங்கி
தேதிக் கட்டத்துக்குள் நடந்து போயிருந்தது.

நேரங்களைப் பார்ப்பவள் நான்.
கையெழுத்து: புதன், நான்கு பத்து.
அடுத்த தாளில், செவிலி எழுதிய உடைமைப் பட்டியல்:
கம்பளிச் சட்டை ஒன்று. பல் செட், மேல் வரிசை.
மூக்குக் கண்ணாடி, உறையிட்டுப் பூட்டியது: செவ்வாய், பத்து ஐந்து.
திருப்பித் தந்தது: வெள்ளி.

பக்கத்து அறையில் சலவை இயந்திரம்
சுற்றி முடித்து நின்றது.
இந்த அழைப்பு பதிவாகிறது என்று
தொடக்கத்திலேயே ஒரு குரல் அவளுக்குச் சொல்லியிருக்கும்.

“மேல்முறையீடு செய்யலாம்.
கூடவே
உடைமைப் பட்டியலுக்கு ஒரு நகல் கேளுங்கள்.”

“அவருடைய சட்டை வந்துவிட்டதே, எதற்கு?”

“கேளுங்கள்,” என்றேன்.