மரத்துக்கு விலை போடுகிறவள்

நெஞ்சளவு உயரத்தில் நாடாவைச் சுற்றுகிறேன்.
இருநூற்றுப் பதினான்கு சென்டிமீட்டர்.
பட்டை மடிப்பில் இருந்த சிலந்தி
நாடாவுக்கு வழிவிட்டு நகர்கிறது.

க்ராய்டன் நகரசபைப் பதிவேட்டில்
இது 40718.
பெயர் லைம்.
எலுமிச்சை என்று நம்பி ஊறுகாய்க்கு வர வேண்டாம்.
காய்ப்பது பட்டாணி அளவு உருண்டை,
கூடவே வெளிறிய ஒரு சிறகு.

மரங்களுக்கு விலை போடுவது என் வேலை.
விற்பதற்கு அல்ல.
வெட்டக் கேட்கிறவர்களிடம்
"இவ்வளவு" என்று சொல்வதற்கு.

அடிமரத்தின் பரப்பைக் கண்டு,
சதுர சென்டிமீட்டருக்கு இன்ன தொகை என்று பெருக்கி,
காய்ந்த கிளைகளுக்குக் கழித்து,
இன்னும் எத்தனை ஆண்டு நிற்கும் என்று
நாடி பார்த்துக் குறைத்து...
நடுவில் ஒரு பெருக்கல் வரும்:
சுற்றிலும் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள்.
ஆள் கூடினால் விலை கூடும்.

மேட்டுத்தெருவில், வீட்டுக்கு மூன்று கார் நிற்கும் இடத்தில்,
இதே பருமன், இதே வயது மரம்
மலிவு.
இங்கே, கோழிப்பொரியல் கடைக்கும் பந்தயக் கடைக்கும் நடுவே,
பால்கனியெல்லாம் துணி காயும் அடுக்ககத்தின் முன்னால்,
ஏறக்குறைய இரு மடங்கு.
நெருக்கியடித்து வாழ்வதை
மதிப்பு என்று எழுதும் வேறொரு கணக்கை
இந்த ஊரில் நான் பார்த்ததில்லை.

ஐம்பத்தெட்டாயிரத்து நானூறு பவுண்.

முறைப்பாடு கொடுத்தவர் யோகச்சந்திரன்,
மினிகேப் ஓட்டுநர், கதவிலக்கம் 19.
அவரிடமும் ஒரு கணக்கு இருக்கிறது,
என்னுடையதைவிடத் துப்புரவாக:

"தங்கச்சி, ஆனியிலை துடங்கி ஆவணி மட்டும்
இது பசை சொரியுது.
கிழமைக்கு ரெண்டுதரம் கார் கழுவோணும்.
ஒருக்காக் கழுவ ஒன்பது பவுண்.
கண்ணாடியிலை பிசுக்கு எண்டு ஒரு மனுசி
எனக்கு மூண்டு நட்சத்திரம் போட்டவ.
போன ரெண்டு நட்சத்திரத்துக்கு
உங்கட புத்தகத்திலை என்ன விலை?"

பசை மரத்துடையதல்ல, அசுவுணியுடையது என்றேன்.
"அதுகளுக்கு வீடு குடுத்தது ஆர்?" என்றார்.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள்.
அருமை சரி. விலை தெரிய வேண்டுமே.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பெருமழையில் சாக்கடைக்குப் போகாமல்
இலைகள் பிடித்து வைத்த நீர்.
பஸ் புகையில் வடிந்த தூசி.
மூன்றாம் மாடியில் ஓடாத மின்விசிறி.
இந்தப் பக்க வீடுகளுக்குக் கொஞ்சம் கூடிய விலை,
அதனால் ஏறிய வாடகை.
கடைசியை எந்தப் பக்கம் எழுதுவது,
வரவா செலவா,
இன்னும் எனக்குத் தெரியாது.

தெருமுனையில் போன மாசியில் நட்ட கன்றோ
தன்னைத் தாங்கும் கழிகளைவிட மலிவு.
ஆனாலும் பதிவேட்டில்
விளக்குக்கம்பம் வருடாவருடம் தேய்கிறது,
நடைபாதைக் கல் தேய்கிறது,
இது மட்டும் ஏறுகிறது.

ஜூலையில், முப்பத்தாறு பாகை காய்ந்த செவ்வாய்க்கிழமை
இரண்டாம் அளவுக்குப் போனேன்.
தார் இளகிக் கிடந்தது.
பஸ் தரிப்பிட இரும்பு இருக்கையில் யாரும் இல்லை.
40718-இன் கீழே
நாலு கதவும் திறந்த ஒரு ப்ரியஸ்.
சப்பாத்தைக் கழற்றிக் கூரைமேல் வைத்துவிட்டு
யோகச்சந்திரன் தூங்கிக்கொண்டிருந்தார்.
எதிர்ப்பக்க வெயிலில்
ஆறு இடம் காலியாக இருந்தது.

நான் எழுப்பவில்லை.
நாடா உரசும் சத்தத்தில் தானே விழித்தார்.
மேலே பார்த்தார், பிறகு என்னை.
கண்ணாடியில் விழுந்திருந்ததை விரலால் தொட்டு,

"வெட்டுறதெண்டா
ஐப்பசிக்குப் பிறகு வெட்டுங்கோ."

முறைப்பாட்டைத் திரும்பப் பெறுகிறீர்களா என்று கேட்டேன்.
"அதெப்பிடி?
கழுவின காசு கழுவின காசுதானே."

படிவத்தில் 'பயன் பெறுவோர்' என்று ஒரு கட்டம்.
கதவிலக்கம் 19 என்று எழுதினேன்.
'பாதிக்கப்பட்டோர்' கட்டத்திலும் அதையே.
மொத்தம் எழுதுமுன்
காகிதத்தில் ஒரு துளி விழுந்தது.
அப்படியே மடித்துப் பையில் வைத்தேன்.

அலுவலகத்தில்
அந்தப் பக்கம் பிரிய மறுத்தது.