பின்கதவில் ஒட்டிய பெயர்

நோஷோவிட்சே தொழிற்சாலையில்
எனக்கு மொழிபெயர்க்கத்தான் சம்பளம்.
கொரியனைச் செக்கில் ஆட்டுவேன்,
செக்கைக் கொரியனில்.
பிண்ணாக்கு என் பங்கு.

பெயர்களை மட்டும் தொடவேண்டாம்,
அவை தாமாகவே எல்லை தாண்டிவிடும் என்று
பயிற்சியில் சொன்னார்கள்.
பொய்.

அன்று தணிக்கைக் கூட்டம்.
பர்மிங்ஹாமிலிருந்து வந்தவர் 'ஹை-அன்-டாய்' என்றார்,
நடுவில் ஒரு கொட்டாவி விட்டதுபோல்.
அலபாமாக்காரர் 'ஹண்டே' என்றார்,
சண்டேவுக்குக் கூடப்பிறந்த தம்பி.
எங்கள் வ்லஸ்திமிலுக்கு அது 'ஹ்யுன்டாய்':
எழுதியிருப்பதைத்தானே படிக்கிறேன், அதிலென்ன குற்றம்?
மேசையின் கோடியில்,
உல்சானிலிருந்து மூன்று மாதத்துக்கு வந்திருந்த
குவாக் மியொங்-சுன்
பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டு வருடம்
வண்டியின் பின்கதவில் பெயரை ஒட்டியவர்.
பின்தாளை உரித்து, அச்சில் பொருத்தி,
உள்ளங்கையால் ஒரே அழுத்து.
அதற்குள் அடுத்த வண்டி வந்து நிற்கும்.
கோணலாகப் போனவை மொத்தம் நான்கு,
நான்கின் நிறமும் நினைவிருக்கிறது என்பார்.

காபி இயந்திரத்தடியில் கேட்டேன்:
எது சரி?
'ஹியொன்-டே.'
இரண்டே அசை. ஊதி அணைத்த தீக்குச்சி அளவு சத்தம்.
அப்படியென்றால்?
'இக்காலம்' என்றார்.

பதினோரு வருடமாக இந்த வாயில்
நான் மொழிபெயர்க்காமல் விட்ட ஒரே சொல்.
அன்று மதியம் முழுக்க அதே விளையாட்டு:
இக்காலத்தின் முன்சக்கரத்தில் ஏதோ சத்தம்.
இக்காலத்துக்கு ஐந்து வருட உத்தரவாதம்.
வெள்ளை நிற இக்காலம் கையிருப்பில் இல்லை.

வ்லஸ்திமில் ஓட்டுவது வேறு வண்டி.
வெட்கப்பட்டு லாரிகளுக்குப் பின்னால் நிறுத்துவான்.
மியொங்-சுன் கண்டுபிடித்துவிட்டார்.
'ஸு-கோ-தா!'
ஸு இல்லை, ஷ் என்றேன்.
அந்த எழுத்தின் தலையில் ஒரு சின்னக் கொக்கி உண்டு,
ஏற்றுமதியில் முதலில் உதிர்வது அதுதான்.
அர்த்தம்?
அது ஒரு குடும்பப் பெயர் என்று தொடங்கினேன்,
பிறகு உண்மையையும் சொன்னேன்.
சேதம். நஷ்டம்.
பஸ்ஸைத் தவறவிட்டால்,
பால் பொங்கி அடுப்பில் வழிந்தால்,
பழகியவர் ஊரைவிட்டுப் போனால்
நாங்கள் ஷ்கோடா என்போம்.
அடடா மாதிரி.
'சேதம் என்று எழுதி ஒட்டியா விற்கிறீர்கள்?'
விற்கிறதே, என்றான் வ்லஸ்திமில்,
கதவை இரண்டாம் முறையாக அறைந்து சாத்தியபடி.

இந்த நிலமெல்லாம் முன்பு முட்டைக்கோஸ் வயல்.
மிச்சமிருந்த ஒரு தோட்டத்தில் வாங்கிவந்து
விடுதி அறையில் கிம்ச்சி போட்டார்.
மாடியிலிருந்து புகார்க் கடிதம்.
'துர்நாற்றம்' என்றிருந்ததை
'வாசனை' என்று மொழிபெயர்த்துக் கொடுத்தேன்.
அடுத்த வாரம் புகார் எழுதியவருக்கு
ஒரு டப்பா போயிற்று.
மறு கடிதம் வரவில்லை.

கடைசி நாள். பாதி மழை, பாதி பனி.
அடையாள அட்டையைத் திருப்பி வாங்கிய வாயிற்காவலர்
எழுத்துக் கூட்டிப் பெயரைப் படித்தார்:
'க்வாக்... மியுங்க்... சோ-ஒன்?'
சரியா என்று என்னைப் பார்த்தார்.
நான் வாய் திறப்பதற்குள்
மியொங்-சுன் தலையசைத்தார்.
'அதுவும் நான்தான்.'

விமான நிலையத்துக்கு வ்லஸ்திமிலின் வண்டி.
பெட்டியை உள்ளே தள்ளிப் பின்கதவை மூடியதும்
அவர் கை தானாகப் போயிற்று,
ஈரத்தில் மின்னிய ஆறு எழுத்தின் மேல்
உள்ளங்கையால் ஒரே அழுத்து.
எங்களைப் பார்த்துச் சொன்னார்:
'ஷ்கோடா.'
கொக்கியோடு, என் அம்மா சொல்வதைப்போல.

நன்றாகச் சொல்கிறாரே வண்டிப் பெயரை,
என்றான் வ்லஸ்திமில், சாவியைத் திருகி.
முதல் தடவை
கிளம்பவில்லை.