பதினேழரை அங்குலம்

சொஹார் கிளினிக்கில்
நர்ஸ் ஜெஸ்லின் என் கழுத்தில் நாடா சுற்றினாள்.
"பதினேழரை" என்று எழுதிக்கொண்டாள்.
பதினேழைத் தாண்டிய கழுத்தென்றால்
டிரைவருக்கு ஒரு ராத்திரிப் பரீட்சை உண்டாம்.
பத்தாம் வகுப்பை விழித்திருந்து எழுதியே
தேறாதவன் நான்.
இதைத் தூங்கி எழுத வேண்டும்.

சின்னதாய் ஒரு பெட்டி, மார்புக்குப் பட்டை,
மூக்குக்குக் குழாய்,
விரல்நுனியில் சிவப்பாய் எரியும் கிளிப்.
"போட்டுக்கொண்டு உறங்கினால் போதும் சேட்டா,
மற்றதை அது சொல்லும்."

அது என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும்.
என் குறட்டையைக் குல் ஜமான் போனில் பிடித்து
பெஷாவருக்கு அனுப்பினான்,
அவன் பிள்ளைகளின் சிரிப்பு திரும்பி வந்தது.
ஹைமாவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒருமுறை
சாலை நேராகத்தான் இருந்தது,
நான்தான் இல்லை.
சரளைக்கல் டயரில் சடசடத்து என்னை எழுப்பியபோது
பின்னால் நாற்பது டன் இரும்புக்கம்பி
எதுவும் தெரியாததுபோல் படுத்திருந்தது.
இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

சர்டிபிகேட் இல்லையென்றால் சாவி இல்லை.
சாவி இல்லையென்றால் அடுத்த மாதமே
கூட்டுறவு வங்கியில் நகை ஏலத்துக்கு வரும்.

செபமாலை எங்கள் அறையின் கொடிக்கம்பி.
படுத்தால் புரளமாட்டான், முனகமாட்டான்.
தூங்கத் தெரிந்தவன் என்று அவனைத்தான் காட்டுவோம்.
"ஒரு ராத்திரிதானே அண்ணே" என்றான்.
ஒரு முழுக்கோழிக்குப் பேசி முடித்தோம்.
பட்டையை நானே கட்டிவிட்டேன்;
மிச்ச நீளம் அவன் இடுப்பில் தொங்கியது.

டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார்.
மணிக்கு நாற்பத்தேழு தடவை
மூச்சு நின்றிருக்கிறது.
ஒரு தடவை ஐம்பத்திரண்டு வினாடி.
கிணற்று வாளிபோல்
ஆக்சிஜன் கோடு இறங்கி இறங்கி
ஒவ்வொரு முறையும்
பாதி நீரோடு ஏறி வந்தது.
"இத்தனை நாள் எப்படி ஓட்டினாய்?"
ஜெஸ்லின் மொழிபெயர்ப்பதற்குள்
எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

சத்தமில்லாமல் கிடக்கிறான் என்று
எத்தனை இரவு அவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்!

செபமாலை ஓட்டுவது பஸ்.
காலை நாலரைக்கு
நாற்பத்தெட்டுப் பேர், துறைமுகத்துக்கு.
ஏறியதுமே கண்ணாடியில் தலை சாய்த்துவிடுவார்கள்.
அந்த வண்டியில் விழித்திருக்க வேண்டியவன்
ஒருவன்தான்.
ஒல்லிக் கழுத்தை எந்த நாடாவும் தேடி வரவில்லை.

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னேன்.
"மிஷின் ரிப்பேரா இருக்கும்" என்று சிரித்தான்.
பிறகு குழாயைத் திறந்து, மூடி, திறந்து,
"காலையில மண்டை பிளக்கும்ணே.
டீ குடிச்சா போயிரும்னு விட்டுட்டேன்" என்றான்.
இன்னும் கொஞ்சம் கழித்து,
"சொல்லிருவீங்களா?"

சொன்னால் அவன் சாவி போகும்.
ஏமாற்றியதற்கு என் சாவி
இரண்டு தடவை போகும்.

அன்றிரவு கீழ்க்கட்டிலில் படுத்து
மேல்கட்டிலைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
மூச்சு. மூச்சு. மூச்சு.
பிறகு ஏ.சி. சத்தம் மட்டும்.
நான் எண்ணத் தொடங்கினேன்.
இருபது. இருபத்தொன்று.
முப்பதைத் தாண்டும்போது
காலால் பலகையை உதைத்தேன்.
கரையில் போட்ட மீன்போல் துள்ளி இழுத்தான்.
விடியும்வரை அதுதான் வேலை.
அடுத்த கட்டிலில் குல் ஜமான்,
இன்றைக்கென்ன உன் லாரி ஸ்டார்ட் ஆகவில்லை என்று
தூக்கத்திலேயே கேட்டான்.

நாலரைக்கு நானும் பஸ்ஸில் ஏறி
அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.
வழியெல்லாம் பேச்சுக் கொடுத்தேன்,
கோழி பாக்கி பற்றி,
ரவுண்டானாவில் புதிதாக வைத்த விளக்கு பற்றி,
அவன் பதிலில் இழுவை தட்டும்போதெல்லாம்
பெயர் சொல்லி அழைத்தேன்.
கிளினிக் எட்டு மணிக்குத் திறக்கும்.
இரண்டு கழுத்தோடு போய் நிற்பதென்று
துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும் இடத்தில்
முடிவாகியிருந்தது.
யார் முதலில் சொன்னோம் என்று நினைவில்லை.

கடைசி சீட்டில் யாரோ
வண்டியே அதிரக் குறட்டை விட்டான்.
வழக்கமாகச் செபமாலை
ஹாரன் அடித்து எழுப்புவானாம்.
இன்றைக்குக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு
கையை எடுத்துக்கொண்டான்.